கண்ணாடி துடைத்த கைகள்

ரயில் பெட்டி கழுவுகிற வேலை போன மறுநாளும் நான் வழக்கமான நேரத்துக்கே எழுந்துவிட்டேன். முகம் கழுவி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போன பிறகுதான் போவதற்கு இடமில்லை என்பது உறைத்தது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வரிசை வீடுகளில் பல ஆண்கள் அப்படித்தான் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் மூடிக்கொண்டே வந்த காலம் அது. ஏற்றுவதற்குச் சரக்கு இல்லை என்றதும் ரயில்வேயிலும் ஆள் குறைத்தார்கள். எங்களைப் போல் பெட்டி கழுவுகிறவர்கள்தான் முதலில் வெளியே வந்தோம்.

ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கப்பலில் இலவசமாக இடம் கொடுத்தார்கள். எங்கள் வரிசையில் வாரத்துக்கு ஒரு குடும்பமாவது பாய் சுருட்டியது. என் மனைவி மட்டும் அசையவில்லை. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் எங்கள் பெண் குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தோம். நடை பழகிக்கொண்டிருந்த பிள்ளை.

"அவளை இந்த மண்ணுல போட்டுட்டு நான் எப்படிக் கப்பலேறுவேன்? நீங்க வேணும்னா போங்க" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

என்னோடு அதே கொட்டகையில் பெட்டி கழுவிய கூட்டாளி ஒருவன் இருந்தான். கல்யாணம் ஆகாதவன். ஊரில் அண்ணன்மார்களோடு முகம் பார்த்துப் பேச முடியாதபடி ஏதோ சண்டை, அதனால் அவனும் போகவில்லை. ஓயாமல் பேசுவான், பேச்சு தீர்ந்தால் பாடுவான். பாட்டில் சுருதி நிற்காது, அதைப் பற்றி அவனுக்குக் கவலையும் கிடையாது. ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து அவன்தான் அந்த யோசனையைச் சொன்னான்.

"நமக்குத் தெரிஞ்ச வேலை என்ன? கண்ணாடி தொடைக்கிறது. டவுன்ல கண்ணாடி இல்லாத கடை எது, சொல்லு?"

"கடைக்காரனுக்குக் கை இல்லியா? அவனே தொடச்சுக்குவான்."

"கை இருக்குய்யா. ஏணி இருக்கா?"

மூங்கில் வெட்டி நாங்களே ஏணி கட்டினோம். இரண்டு வாளி, கிழிந்த வேட்டித் துணி, பழைய செய்தித்தாள், அழுக்கு அறுக்க ஒரு புட்டியில் காடி. வேறு முதல் எதுவும் தேவைப்படவில்லை. பத்து ரோடு என்கிற கடைத்தெருவில் துணிக்கடைகளின் காட்சிக் கண்ணாடி, போட்டோ பிடிக்கிற கடை, கடிகாரக் கடை, வக்கீல் ஆபீஸ் மாடி என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினோம். பாதிப் பேர் முகத்தைப் பார்த்ததுமே கையை ஆட்டி விரட்டினார்கள். சிலர், "சரி, இதைத் தொடை பார்ப்போம்" என்று ஒரு கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினார்கள். அந்த ஒரு சட்டத்தை நாங்கள் துடைக்கிற துடைப்பில் பக்கத்துச் சட்டம் அழுக்காகத் தெரியும். அப்படித்தான் வேலை பிடித்தோம்.

உயரம் எனக்குப் பயமில்லை. வெயிலும் பழகிவிட்டது. என்னைத் தோற்கடித்தது காலை நேரம்தான். ரயில்வேயில் எங்களை மேய்க்கிற மண்டோர் தலைகளை எண்ணுவான், பிந்தினால் வாயில் வந்தபடி ஏசுவான். அந்த ஏச்சுக்குப் பயந்தாவது கால் தானாக நடந்தது. இப்போது நான் எழுந்திருக்காவிட்டால் கேட்க யாருமில்லை. போகாவிட்டால் என்ன, இன்னொரு நாள் போகலாமே என்று உடம்பு பாயோடு ஒட்டிக்கொள்ளும். போனாலும் மத்தியானம் மழை கொட்டி, துடைத்த கண்ணாடி முழுக்கப் புள்ளி விழும். சாயங்காலம் அதே தெருவழியே திரும்பும்போது காலையில் செய்த வேலை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. குழந்தை போன பிறகு எனக்கு எதிலுமே பிடிப்பில்லாமல் இருந்தது. இந்த வேலை அந்த வெறுமைக்குச் சரியான தீனியாக அமைந்தது.

கூட்டாளி இல்லாவிட்டால் முதல் மாதத்திலேயே விட்டிருப்பேன். விடிந்ததும் வந்து வாசலில் வாளியை ஆட்டுவான். "வரியா, நான் போகட்டா?" என்பான். அதற்கு மேல் கூப்பிட மாட்டான், கெஞ்சவும் மாட்டான். அவன் தனியாக அந்த ஏணியைத் தூக்கிக்கொண்டு போவதை நினைத்தால் வெட்கமாக இருக்கும், எழுந்துவிடுவேன்.

ஒருநாள் ஒரு துணிக்கடை முதலாளி சமையற்கட்டிலிருந்து எங்களுக்கு வெந்நீர் கொடுத்தனுப்பினார். ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் விரல் நுனியை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். அவன் துணியோடு கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டு, நிதானமாகப் பிழிந்தான்.

"சுடலியா?"

"ரயில்வே கையாச்சே, தோல் மரத்துப் போச்சு" என்று சிரித்தான்.

நானும் ரயில்வே கைதான். அதை அவனிடம் சொல்லவில்லை. அவன் முழங்கைக்கு மேலே வெளுத்த வட்டம் ஒன்று இருந்தது. கேட்டபோது தேமல் என்றான். அதன் பிறகு எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தான்.

டவுனில் ஒரு மருந்துச்சாலை எங்கள் வாடிக்கையாக இருந்தது. அங்கே கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டை மடிப்புக் கலையாதவர். ஒருநாள் காலை அந்தக் கட்டடத்தின் வாசல் கண்ணாடியைக் கூட்டாளி துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு மூலையில் கண்ணாடி விண்டு கூராக நின்றதை அவன் கவனிக்கவில்லை. நான் வாளியில் தண்ணீர் மாற்றிவிட்டுத் திரும்பினால் கண்ணாடியில் சிவப்பாக வழிந்துகொண்டிருக்கிறது. அவன் பாடிக்கொண்டே துடைக்கிறான். துடைக்கத் துடைக்கச் சிவப்பு பரவுகிறது. துணியில் ஏதோ சாயம் என்று நினைத்தானோ என்னவோ, துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கையைப் பாருய்யா, கையை!" என்று கத்தினேன்.

உள்ளங்கை பிளந்து கிடந்தது. அவன் அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தான்.

சத்தம் கேட்டு டிரெஸ்ஸர் வெளியே வந்தார். உள்ளே கூட்டிப்போய்க் கட்டுப் போட்டார். கட்டுப் போட்டு முடித்தும் அவர் அவன் கையை விடவில்லை. சட்டைக் கையை மேலே சுருட்டி அந்த வெளுத்த வட்டத்தைப் பார்த்தார். மேசையிலிருந்து ஒரு ஊசியை எடுத்தார்.

"கண்ணை மூடும். நான் தொட்டா சொல்லும்."

வட்டத்துக்கு வெளியே குத்தியபோது, "ஆங்" என்றான். உள்ளே குத்தினார். அவன் பேசாமல் இருந்தான். இன்னொரு தடவை அழுத்தினார்.

"இப்ப?"

"இன்னும் தொடலியே."

அவன் கண்ணைத் திறந்தபோது ஊசி தோலில் நின்றது. அவன் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். அவனுக்கு இது ஏற்கெனவே தெரியும் என்பது அந்தப் பார்வையில் எனக்குப் புரிந்தது.

டிரெஸ்ஸர் கோபப்படவில்லை, ஒதுங்கி நிற்கவும் இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே சொன்னார். "நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்கு வாரும். பெரிய டொக்டர் பார்க்கட்டும். நீர் வராட்டி நான் மேல அறிவிக்க வேண்டி வரும், விளங்குதே? அது சட்டம்."

திரும்பி வரும் வழியில் அவன் பாடவில்லை. ஏணியின் ஒரு முனை அவன் தோளில், மறுமுனை என் தோளில். ஆற்றுப் பாலத்தில் நின்றான்.

"காப்பார் பக்கம் ஏதாச்சும் எஸ்டேட்டுக்கு ஓடிடட்டுமா? அங்க யாருக்குத் தெரியப் போவுது?"

"ஓடலாம். கையும் கூடவே வருமே."

தோளிலிருந்த ஏணி முனையை இறக்கிக் கைப்பிடிச் சுவரில் சாய்த்தான். பிறகு சிரித்தான். "சரிதான். அதை விட்டுட்டு ஓட வழி இருந்தா சொல்லு."

அவன் ஓடவில்லை. மறுநாள் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனான். சில நாள் கழித்து சுங்கை பூலோவில் தொழுநோயாளர்களுக்கென்று கட்டியிருந்த குடியிருப்புக்கு அவனை லோரியில் கொண்டுபோனார்கள். லோரியில் ஏறும்போது அவன் சொன்னது இவ்வளவுதான். "மூணாவது படியில கயிறு தளந்திருக்கு. மறுபடி கட்டாம ஏறிடாத."

அவன் நோயைப் பற்றிய பேச்சு என்னை முந்திக்கொண்டு டவுனுக்குள் போயிருந்தது. பத்து ரோட்டுத் துணிக்கடையில் போய் நின்றேன். முதலாளி வாசலுக்கு வராமல் கல்லாவிலிருந்தே, "வேணாம் தம்பி, இனிமே நம்ம பையனே பாத்துக்குவான்" என்றார். கடிகாரக் கடையின் சீன முதலாளி, தவுக்கே, என் வாளியைக் காட்டி, "தா மாவ், தா மாவ்" என்று வேண்டாமெனக் கையை வேகமாக ஆட்டினார். போன வாரம்வரை எனக்குக் கோப்பி கொடுத்தவர். வக்கீல் ஆபீஸ் மாடியில் நான் தொட்ட கைப்பிடியை ஒரு ஆள் பின்னாலேயே வந்து துடைத்தான். ஒவ்வொரு கடையாக அப்படியே கதவடைத்தது.

விட்டுவைத்த இடம் ஒன்றுதான், மருந்துச்சாலை. "கண்ணாடியால அது தொத்தாது. நீர் உம்மட வேலையைப் பாரும்" என்றார் டிரெஸ்ஸர். என் கூட்டாளியைப் பிடித்துக் கொடுத்த மனுஷர். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வேறு கதியில்லை, அவருடைய கண்ணாடியைத் துடைத்தேன். அந்த வாசல் கண்ணாடியைத் துடைக்கும்போது விண்ட மூலையை மட்டும் தொடாமல் விட்டுவிடுவேன்.

வீட்டிலும் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. என் மனைவி என் துணியைத் தனியாக வேகவைத்தாள். வெள்ளிக்கிழமை காலைகளில் விளக்கேற்றி முடித்ததும் என்னை வெளிச்சத்தில் உட்காரவைத்து, "கையை நீட்டுங்க" என்பாள். தையல் ஊசியை எடுத்து விரலிலும் முழங்கையிலும் முதுகிலும் குத்திப் பார்ப்பாள்.

"ஆ! மெதுவா புள்ள!"

நான் அலறினால் அவள் முகம் மலரும். அந்த மாதங்களில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நேரத்தில்தான். அதற்காகவே சில சமயம் வலிப்பதற்கு மேல் கத்தியிருக்கிறேன்.

பிறகு நான் படுத்துவிட்டேன். நோய் ஒன்றுமில்லை, வெறுமனே படுத்திருந்தேன். வாசலில் வாளியை ஆட்ட ஆளில்லை. ஏணி சுவரோரம் மழையில் நனைந்துகொண்டிருந்தது. மனைவி துரைமார் பங்களாக்களில் புல் பிடுங்கும் வேலைக்குப் போனாள். நான் படுத்திருக்கும்போதே போவாள், திரும்பி வரும்போதும் நான் அதே பாயில் கிடப்பேன். அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடக் கோபித்துக்கொண்டு எழுந்திருப்பேன்.

ஒருநாள் காலை முக்காட்டைக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கியவள் திரும்பி வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நீங்க சம்பாதிக்கலைன்னு எனக்கு வருத்தமில்ல. புள்ள கெடந்ததும் இதே எடத்துலதான். இதே மாதிரிதான் சொவத்தைப் பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. தெனமும் உங்களை இப்படிப் பாத்துட்டு என்னால வெளிய எறங்க முடியல. வேலை கெடைக்குதோ இல்லியோ, நான் போறப்ப நீங்களும் எங்கியாச்சும் போங்க. சும்மா நடந்துட்டாவது வாங்க."

அவள் போன பிறகு வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை கிடந்த இடம் அது என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. எழுந்து பாயைச் சுருட்டினேன். வெளியே வந்து ஏணியைத் திருப்பிப் பார்த்தேன். அவன் சொன்னபடியே ஒரு படியில் கயிறு தளர்ந்திருந்தது. அதை அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன். அன்றைக்கு நான் செய்த வேலை அவ்வளவுதான்.

அந்த வாரமே கிள்ளானுக்குப் போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. காய்கறி ஏற்றிக்கொண்டு போன ஒரு லோரிக்காரர் இரக்கப்பட்டு ஏணியை மேலே கட்டவிட்டார். பண்டமாரான் பக்கம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் சேர்ந்து தங்கும் கொங்சி வீட்டில் ஒரு மூலை கிடைத்தது. துறைமுகத்திலும் கப்பல் குறைந்துபோயிருந்தது. வேலையில்லாத நாள்களில் அவர்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள், யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். அவர்களைப் பார்க்கும்போது என் பாய் ஞாபகம் வரும். உடனே ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

கிள்ளானில் மறுபடி முதலிலிருந்து ஒவ்வொரு வாசலாக ஏறினேன். மனம் வந்தால் எழுந்திருக்கலாம் என்று காத்திருந்த காலம் போய்விட்டது. மனம் வராது என்று தெரிந்துகொண்டேன். அதனால் அதைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். கண் விழித்ததும் வாளியில் தண்ணீர் பிடிப்பேன். தண்ணீர் பிடித்துவிட்டால் அதைத் தெருவரை தூக்க வேண்டியதுதான், தெருவுக்கு வந்துவிட்டால் ஏதாவது ஒரு கடையில் கேட்க வேண்டியதுதான். சில நாள் இரண்டாவது சட்டம் துடைக்கும்போது கை சூடுபிடித்து மனமும் கொஞ்சம் தெளியும். பல நாள் கடைசிவரை தெளியாது. அந்த நாள்களிலும் கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸுக்கு வருவேன். மருந்துச்சாலை வேலைக்காக வாரத்தின் நடுவில் இன்னொரு நாளும் வருவேன்.

கூட்டாளியைப் பார்க்க சுங்கை பூலோவுக்குப் போனேன். பார்க்க வருகிறவர்களுக்கென்று அங்கே ஒரு கொட்டகை இருந்தது. அவன் நடுவில் இடம் விட்டு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தான். கையில் கட்டு. புருவம் உதிர்ந்து முகம் மாறியிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"வேலை எப்படி?"

கிள்ளானைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான்.

"காலைல எந்திரிக்கிறியா?"

"எந்திரிக்கிறேன்."

"நல்லது. நான் எந்திரிக்கிறதில்ல. இங்க எதுக்கு எந்திரிக்கணும்? சோறு அவனே கொண்டாந்து வைக்கிறான்."

காலையில் அவன் என்னை எழுப்பியதுபோல நான் அவனை எழுப்ப என்னிடம் வார்த்தையில்லை. அவனே பேச்சை மாற்றினான். நான் கிளம்பும்போது, "இனிமே வராதய்யா" என்றான். "நீ வந்துட்டுப் போனா அடுத்து எப்ப வருவன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. வராதவனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்ல பாரு."

நான் கேட்காமல் மறுபடியும் போனேன். கொட்டகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு சிப்பந்தி வந்து, "அவரு தூங்குறாராம், போகச் சொன்னாரு" என்றான். நடுப்பகல் அது. மனைவி கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலத்தை அந்த ஆளிடம் கொடுத்துவிட்டு நடந்தேன்.

அடுத்த மழைக்காலம் தொடங்கியிருந்தது. மருந்துச்சாலையின் மாடி ஜன்னலை ஏணியில் நின்று துடைத்துக்கொண்டிருந்தேன். டிரெஸ்ஸர் கீழே வந்து நின்றார். அவர் அப்படி வேலை நடுவில் வந்து நிற்கிறவர் இல்லை.

"இறங்கி வாரும்."

"இன்னும் ஒரு சட்டம் இருக்குங்கய்யா."

"அது கிடக்கட்டும். இறங்கி வாரும்."

அவர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. படியைப் பார்க்காமல் காலை வைத்தேன், ஏணி ஆட ஆரம்பித்தது. அவர் அந்த வெள்ளைக் கால்சட்டையோடு சேற்றில் முட்டி போட்டு, ஏணியின் அடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "மெள்ள, மெள்ள" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தரைக்கு வந்ததும், "போன கிழமை காய்ச்சல் கண்டதாம். நேற்று முடிஞ்சுது. அங்கேயே அடக்கம் செய்துபோட்டினம்" என்றார். பிறகு, "அண்டைக்கு நான் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லாமல் விட்டிருக்கலாம் எண்டு நீர் நினைக்கிறீராக்கும்" என்றார்.

"நெனச்சேன்."

"நானும் நினைச்சனான்" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அதுவரை அந்த மனுஷர் மேல் வைத்திருந்த வெறுப்பை அன்றைக்குத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அது போனதால் மனம் லேசாகவும் இல்லை. யாரையாவது வெறுக்க முடிந்தால் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "அவருக்கு என்ன புடிக்கும்?" என்று கேட்டாள். கருவாட்டுக் குழம்பு என்றேன். பாசாருக்குப் போய்க் கருவாடு வாங்கி வந்து குழம்பு வைத்தாள். ஒரு இலையில் அவனுக்குப் படைத்துவிட்டு, காகம் எடுத்த பிறகு நாங்கள் இருவரும் சாப்பிட்டோம்.

மறுநாள் விடியும்போதே அடைமழை. கண்ணாடி துடைக்கப் போக முடியாது, புல் பிடுங்கவும் முடியாது. இரண்டு பேரும் வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பல காலத்துக்குப் பிறகு அவள் குழந்தையைப் பற்றிப் பேசினாள். பிள்ளை மழைத்தண்ணீரைக் கையால் அடித்து விளையாடியதைச் சொன்னாள். நான் கூட்டாளி சுருதி தப்பிப் பாடுவதைச் சொன்னேன். அதற்கடுத்த நாள் வானம் வெளுத்திருந்தது. அவள் வேலைக்குக் கிளம்பினாள், நான் கிள்ளானுக்குப் போனேன்.